போடிமெட்டு ஏறும் டயர்கள்: அன்றும் இன்றும்

மலை ஜீப்புக்கு ஒரு காலத்தில் டயர் தேர்வு என்ற பேச்சே கிடையாது. 6.00-16, அவ்வளவுதான். ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப் ஓடியதும் அந்த அளவில்தான். 1947-ல் மகிந்திரா இங்கே ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபின் பல பத்தாண்டுகள் கழித்து, போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறிய ஜீப்புகளில் மாட்டியிருந்ததும் அதேதான். கடையில் போய் "ஆறு பதினாறு" என்று சொன்னால் கடைக்காரர் எழுந்து உள்ளே போய்விடுவார். மிஞ்சியிருந்த கேள்விகள் ஆறு பிளையா எட்டு பிளையா, ரொக்கமா கணக்கா என்பவைதான்.

இன்றைக்கு அதே ஊரில் பிக்கப்புக்கு டயர் வாங்கப் போகிறவரைக் கேள்விகள் சூழ்ந்துகொள்கின்றன. எச்/டி-யா (தார் ரோட்டுக்கு), ஏ/டி-யா (எல்லா ரோட்டுக்கும்), எம்/டி-யா (சேற்றுக்கு)? டியூப்லெஸ்ஸா? கம்பெனி அளவேயா, ஒரு சுற்றுப் பெரிதா? வெள்ளை எழுத்து வெளியே தெரியட்டுமா, உள்பக்கம் போகட்டுமா என்பதுவரை கேட்கிறார்கள். கேள்விகள் கூடிய அளவுக்குத் தேர்வும் நல்லதாகியிருக்கிறதா என்பது என் கவலை. அந்த நான்கு டயர்களை நம்பி மலையேறுவது ஏலக்காய் மூட்டையும் உர மூட்டையும் மட்டுமல்ல, மனிதர்களும்தான்.

ஜீப் ஓடிய வழியைச் சொல்லாமல் டயரைப் பற்றிப் பேச முடியாது. போடியிலிருந்து முந்தல் ஊரைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளம்: பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் விடியுமுன் சோற்று வாளியோடு ஜீப்பில் ஏறி, தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். இது தலைமுறைகளாக நடக்கிறது. தார் ரோடு இருந்தது மெயின் ரோட்டில் மட்டும். தோட்டத்துக்குள் திரும்பினால் மண்ரோடு, கல்ரோடு.

அந்த மண்ரோட்டுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். அதனால் தோட்டக்காரர்கள் பெரிய மரங்களை வெட்டாமல் விட்டு, அவற்றின் அடியில் ஏலத்தை வளர்க்கிறார்கள். செடிக்கு நல்லதாக இருக்கும் அந்த நிழல் ரோட்டைக் காயவிடாது. மழை நின்று வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் தோட்டத்துக்குள் சேறு அப்படியே கிடக்கும். போதாததற்கு, காய் பறிப்பு சூடுபிடிப்பதே ஆடி, ஆவணியில். தென்மேற்குப் பருவமழை கொட்டும் நேரத்தில்தான் வண்டிக்கும் வேலை அதிகம். டயர் எதைத் தாங்கவேண்டும் என்பதை ஏலச்செடியே முடிவு செய்துவிட்டது என்று சொல்லலாம்.

அன்றைய நைலான் டயர் அதைத் தாங்கியது. நைலான் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர்ச் சாய்வில், அடுக்கடுக்காக ஓடும். ரோட்டைத் தொடும் பட்டனுக்கு அடியில் இருக்கும் அதே அடுக்குகள்தான் சைடிலும் இறங்கி வரும். அதனால் சைடு தடிப்பாக இருக்கும். கூரான கல் உரசினால் ரப்பர் சிராயும், உள்ளே எளிதில் கிழியாது. குறையும் உண்டு. டயர் உருளும்போது அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும். சமவெளியில் வேகமாக, நெடுந்தூரம் ஓட்டினால் சீக்கிரம் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். மலை ஜீப் முப்பதைத் தாண்டி ஓடியதே அபூர்வம் என்பதால் அந்தக் குறை யாரையும் உறுத்தவில்லை.

சேறு முற்றிப்போனால் சங்கிலி. பின் டயர் இரண்டிலும் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக் கட்டி, ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் அழுத்தி ஏற்றுவார்கள். மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தி, டிரைவரும் கிளீனரும் சேற்றில் மண்டியிட்டு, நனைந்த சங்கிலியை டயருக்குப் பின்னால் கையை விட்டு இழுத்துக் கொக்கி மாட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை சிரமமான வேலை என்று. மேடு ஏறியதும் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் தார் ரோட்டுக்கு வந்தால் சங்கிலியும் போகும், டயரும் போகும். ஆனால் அந்தச் சங்கிலி ஒரு நல்ல காரியம் செய்தது. சேற்றுக்கு என்று தனி டயர் வேண்டியிருக்கவில்லை. ரோட்டுக்கு ஏற்ற டயரை மாட்டிக்கொண்டு, சேறு வந்த இடத்தில் மட்டும் சங்கிலியைக் கட்டினார்கள்.

லோடு வண்டிகளில் இன்னொரு பழக்கம் இருந்தது. முன்னால் ரிப், பின்னால் லக். நீளவாக்கில் கோடு ஓடும் ரிப் டயர் ஸ்டியரிங் திருப்பிய பக்கம் ஒழுங்காகத் திரும்பும். குறுக்கே கட்டை கட்டையாக இருக்கும் லக் டயர் மண்ணைக் கடித்துத் தள்ளும். திருப்புகிற சக்கரத்துக்கும் தள்ளுகிற சக்கரத்துக்கும் வேலை வேறு என்பதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு அது. பட்டன் தேய்ந்தால் ரீட்ரேடிங். உடம்பு நல்லதாக இருந்தால் ஒரே நைலான் டயர் இரண்டு மூன்று முறை புதுப் பட்டன் போட்டுக்கொண்டு வந்துவிடும்.

இதையெல்லாம் முடிவு செய்தவர் யார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. பெரிய தோட்டங்களில் ஜீப் தோட்டத்துடையது. டயர் போனால் டிரைவர் எஸ்டேட் ரைட்டரிடம் சொல்வார், ரைட்டர் மானேஜரிடம் சொல்வார், மெக்கானிக் ஒருவர் வந்து பார்ப்பார், கணக்கு தோட்டத்தின் பெயரில் எழுதப்படும். தாமதம் இருந்திருக்கும், கஞ்சத்தனமும் இருந்திருக்கும். இருந்தாலும் அந்தச் செலவு டிரைவரின் சட்டைப்பையில் கைவைக்கவில்லை. இன்று ஆள் ஏற்றும் ஜீப்பும் லோடு அடிக்கும் பிக்கப்பும் பெரும்பாலும் சொந்த வண்டிகள், தவணையில் வாங்கியவை. நான்கு டயரின் விலை ஒரு மாதத் தவணையைத் தாண்டிவிடும். அந்தப் பணத்தை எடுத்து வைக்கவேண்டியவரும் அந்த மலையில் வண்டி ஓட்டுகிறவரும் ஒருவரே. டயர் மொட்டையான பிறகும் இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என்ற முடிவு அங்கிருந்துதான் வருகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏ/டி டயர் பிறந்தது வேறு மண்ணில். அமெரிக்காவில் பிக்கப் என்பது பண்ணை வீட்டின் முதல் வண்டி. வாரம் முழுதும் தார் ரோட்டில் ஓடி, வார இறுதியில் பாலைவனத்திலோ பனியிலோ இறங்கும். இரண்டு வேலைக்கும் ஒரே டயர் கேட்டார்கள். மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் 1967 முதல் நடந்த பாலைவனப் பந்தயங்கள் டயர் கம்பெனிகளுக்குச் சோதனைக் களமாகின. 1976-ல் பி.எஃப்.குட்ரிச் தன் ரேடியல் ஆல்-டெரெய்ன் டயரை வெளியிட்டது. ரேடியலில் இழைகள் சாய்ந்து ஓடாமல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். பட்டன் பகுதி ரோட்டில் தட்டையாகப் படியும், சைடு மட்டும் தனியே வளைந்து கொடுக்கும். சூடு குறைவு, ஆயுள் கூடுதல். அந்த உடம்பின் மேல், ரோட்டு டயரைவிட இடைவெளி அதிகமாகவும் சேற்று டயரைவிடக் குறைவாகவும் கட்டைகளை வைத்தார்கள். ஏ/டி என்பது அந்த நடுவழிதான்.

இங்கே 1977-லேயே ஜே.கே. டயர் ரேடியலைக் கொண்டுவந்தது என்றாலும் மலை ஜீப்புகள் வெகுகாலம் நைலானை விடவில்லை. காரணம் அறியாமை அல்ல. ரேடியலின் சைடு மெலிது. பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் போட்டுவிடலாம். சைடில் கல் கிழித்தால் அந்த டயர் அதோடு முடிந்தது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் புரியும். அங்கே வண்டி ரோட்டில் ஓடுவதில்லை, கல்லிலிருந்து கல்லுக்குத் தாவுகிறது.

மாற்றம் தொடங்கிய பிறகு வேகமாக நடந்தது. பழைய ஜீப்புகளின் இடத்தைப் பொலேரோவும் பிக்கப்பும் பிடித்தன. 2016-ல் தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வந்தது. லோடு வண்டியாகவே பார்க்கப்பட்ட பிக்கப்பை ஆசைக்காகவும் வாங்கலாம் என்று காட்டிய வண்டி அது. 2020-ல் மகிந்திராவின் புதிய 'தார்' ஜீப் ஆலையிலிருந்தே ஏ/டி டயரோடு வெளிவந்தது. 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததால் வெளிநாட்டு ஏ/டி டயர் கிடைப்பது கடினமாயிற்று. ஆனால் அப்பல்லோ, சியட், ஜே.கே. எல்லாருமே இங்கேயே ஏ/டி செய்கிறார்கள். நூறு மைல் தள்ளிப் போய்த் தேடவேண்டிய பொருள் இன்று தேனி பைபாஸில் தொங்குகிறது.

இதே காலத்தில் ரோடும் மாறிவிட்டது. போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் வழி அகலமான தேசிய நெடுஞ்சாலையாகிவிட்டது. பல தோட்டங்களின் வாசல்வரை தாரோ கான்கிரீட்டோ வந்துவிட்டது. முன்பு மைல் கணக்கில் சேற்றில் உழன்ற வண்டி இன்று கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் மண்ணைத் தொடுகிறது. ரோடு படுமோசமாக இருந்த நாளில் சாதாரண டயரையும் சங்கிலியையும் வைத்து ஓட்டினோம், ரோடு நல்லதான பிறகு கரடுமுரடான டயரைத் தேடுகிறோம். இதில் வெறும் ஆசை மட்டும் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில் சிக்கிக்கொண்டால் ஒரு நாள் வருமானம் போச்சு. சங்கிலி கட்ட இன்று கிளீனரும் கிடையாது. ஏ/டி டயர் வாங்குகிறவரின் தேவை உண்மையானதுதான். அதை எதைப் பார்த்து வாங்குகிறார் என்பதில்தான் கோளாறு.

பட்டனைப் பார்த்து வாங்குகிறார்கள். ஒரு சேற்று டயர், அதாவது எம்/டி, பார்வைக்கு மிரட்டும். கட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. சேற்றில் அது உருளும்போதே மண்ணை உதறிக்கொள்ளும். அது செய்யும் நல்ல வேலை. ஆனால் அதே இடைவெளி காரணமாக, தார் ரோட்டைத் தொடும் ரப்பரின் அளவு குறைந்துவிடுகிறது. நனைந்த தார் ரோட்டில் பிரேக் மிதித்தால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடும். போடிமெட்டு இறக்கத்தில் மாலை நேரத்தில் மூடுபனியும் தூறலும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் டயர் உரசி உரசிக் கொண்டை ஊசி வளைவுகளில் தார் வழவழவென்றிருக்கும். அங்கே உயிரைக் காப்பது ரப்பரில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள். நீரை வழித்துத் தள்ளிப் பிடிப்பைத் தருபவை அவைதான். நல்ல ஏ/டி டயரில் ஒவ்வொரு கட்டையிலும் அவை நிறைய இருக்கும். பெரும்பாலான எம்/டி-யில் சொற்பம். தேர்ந்தெடுக்கும்போது விரலை விட்டுப் பார்க்கவேண்டிய இடம் கட்டைகளுக்கு நடுவே அல்ல, கட்டையின் மேல்தான். ஏ/டி-க்கும் எல்லை உண்டு. நிழலில் ஊறிக் கிடக்கும் களிமண்ணில் அதன் இடைவெளிகளில் மண் அப்பிக்கொள்ளும். அப்பிவிட்டால் அதுவும் மொட்டை டயர்தான். அந்த இடத்துக்கு இன்றும் சங்கிலிதான் சரி. அதைக் கட்டுவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டனைவிடப் பெரிய விஷயம் சைடில் இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் குறைவு.

215/75 ஆர்15 என்று அளவு எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் ஒரு டயர் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதற்கான குறியீடு. 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. லோடு ஏற்றிய ஒரு பிக்கப்பின் பின் அச்சில் 2,200 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 1,100 கிலோ. 112 போட்ட டயர் தாங்கும். 104 போட்ட டயர் புறப்படும்போதே 200 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பட்டன் ஒரே மாதிரி இருக்கலாம், பெயரும் ஒன்றாக இருக்கலாம், இரண்டிலும் ஏ/டி என்று பெரிதாகவே எழுதியிருக்கலாம். ஒன்று எஸ்.யூ.வி. காருக்கு, மற்றது லோடு வண்டிக்கு. லோடு வண்டிக்கானதில் எல்.டி. (லைட் டிரக்) என்றோ 8 பி.ஆர். (பிளை ரேட்டிங்) என்றோ இருக்கும். சைடில் எத்தனை பிளை என்பதும் பல டயர்களில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். கல்ரோட்டில் போகிறவர் கேட்கவேண்டியது அதைத்தான்.

எடைக்கும் காற்றுக்கும் உள்ள உறவை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஏ.டி.எக்ஸ்., வில்டர்னெஸ் ஏ.டி. ஆகிய டயர்கள். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலும் ரேஞ்சர் பிக்கப்பிலும் மாட்டியவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டன் பகுதி உரிந்துபோய் வண்டிகள் கவிழ்ந்தன. இறந்தவர்கள் 200-க்கும் மேல். வெயில் கடுமையான தென் மாநிலங்களில்தான் விபத்துகள் குவிந்தன. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் குறைவு என்ற வாதம் பெரிதாக எழுந்தது. டயர் நிறுவனம் வண்டியைச் சுட்டியது, வண்டி நிறுவனம் டயரைச் சுட்டியது. அந்த ஆண்டே அமெரிக்கா புதிய சட்டம் இயற்றியது. காற்று இறங்கினால் டேஷ்போர்டில் எச்சரிக்கும் கருவி அங்கே எல்லாப் புது இலகுரக வண்டிகளிலும் கட்டாயமானது அதன் விளைவாகத்தான்.

அந்த டயர்களும் பார்வைக்குத் திடமானவைதான், பெயரிலேயே ஏ.டி. இருந்தது. காற்று குறைந்தால் சைடு அதிகமாக மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடாகும். அதன்மேல் பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்தால் உள்ளே எஃகுப் பட்டை பிடிப்பை விடத் தொடங்கும். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் மலைக் குளிரிலிருந்து இறங்கி, மூட்டையோடு தேனி வழியாக மதுரைக்கு நெடுஞ்சாலையில் விரட்டும் பிக்கப்புக்கு இந்த நான்கும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. மண்ரோட்டில் பிடிப்புக்காகக் காற்றை இறக்குவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. டயர் அகலமாகப் படியும், கல்லின்மேல் வழுக்காது. ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றவேண்டும். அன்று கையால் அழுத்தியும் காலால் உதைத்தும் காற்றைக் கணித்தார்கள். தடித்த நைலான் டயர் அந்தத் தோராயத்தைப் பொறுத்துக்கொண்டது. ரேடியல் பொறுக்காது. காற்று சரியாக இருக்கும்போதே அதன் சைடு கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும், குறைந்திருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவைப்பது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு.

பெரிய அளவு போடும் ஆசையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 215/75 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 மாட்டினால் சக்கரம் மூன்று சென்டிமீட்டர் உயரும், நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். இது சிறிய விஷயம். முதல் கியரில் லோடோடு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது இழுவை அதே அளவு குறையும், டிரைவர் கிளட்சை அரைத்து ஈடுகட்டுவார். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் அந்த அளவுக்கு வலு குறையும், மிச்ச வேலை பிரேக் ட்ரம்மின் தலையில் விழும். வெறும் வண்டியாகச் சுற்றுகிறவருக்கு இது பொருட்டில்லை. ஒன்றரை டன்னோடு பதினேழு வளைவு இறங்குகிறவருக்குப் பொருட்டுதான். கம்பெனி போட்ட அளவை மாற்றவேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பணம் போதாமல் இந்த ஆண்டு இரண்டு, அடுத்த ஆண்டு இரண்டு என்று வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பின் சக்கரம் மட்டும் தள்ளும் பிக்கப்பில் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். லோடு இறக்கிய பிக்கப்பின் பின்பக்கம் இறகு போல் லேசாகிவிடும், ஈர ரோட்டில் முதலில் வழுக்குவது அதுதான். ஃபோர் வீல் வண்டியில் இந்தச் சமரசமே ஆகாது. முன்னாலும் பின்னாலும் சுற்றளவு வேறுபட்டால், ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கும். அதன் செலவு டயர் செலவைவிடப் பெரியது.

தேனிப் பக்கம் ஒரு டயர் கடையில் நின்றிருந்தபோது, பிக்கப் டிரைவர் ஒருவர், இளைஞர், செல்போனைக் கடைக்காரரிடம் நீட்டினார். வெள்ளை எழுத்து டயர் போட்ட 'தார்' ஜீப்பின் படம்.

"இதே மாதிரி வேணும்ணே."

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். "என்ன லோடு தம்பி ஏத்துற?"

"உரம் போகும், காய் வரும். ஒன்றரை டன்னு இருக்கும்ணே. காலைல ஆளும் ஏறுவாங்க."

கடைக்காரர் எதுவும் சொல்லாமல் வெளியே வந்து, வண்டியின் பின் டயர் முன்னால் குந்தினார். சைடில் காய்ந்திருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். எண் தெரிந்ததும் இளைஞரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பிறகு உள்ளே போய் இரண்டு ஏ/டி டயர்களை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தி, இரண்டிலும் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"படத்துல இருக்கறது இது. காரு டயரு. பாக்க நல்லாருக்கும், ஒன் லோடத் தாங்காது. இது எல்.டி. எழுத்து கறுப்புதான். இதுல போ."

இளைஞர் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விலையைக் கேட்டார். அதிகம்தான். தயாரித்த தேதியைக் காட்டச் சொல்லி அவரே கேட்டது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த ஆண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு இன்றைக்கு, இரண்டு தீபாவளிக்குப் பிறகு என்று பேசி முடித்தார்கள். புதியவை பின்னால் ஏறின. கழற்றிய இரண்டில் பட்டன் மிச்சமிருந்தது ஸ்டெப்னிக்குப் போனது. ஸ்டெப்னியாகத் தொங்கிக்கொண்டிருந்த டயரில் பட்டனும் இல்லை, அளவும் வேறு.

"காத்து எவ்வளவுண்ணே வைக்க?"

"வெறும் வண்டிக்கு ஒண்ணு, லோடுக்கு ஒண்ணு. கதவத் தெற, ஸ்டிக்கர்ல போட்டிருப்பான்."

கதவைத் திறந்தால் ஸ்டிக்கரின் மேல் பெயிண்ட் அடித்திருந்தது. முன்பு எப்போதோ பட்டறையில் விட்டபோது அதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். டேஷ்போர்டைத் துழாவி வண்டிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்கத்தைப் புரட்டி, முன்னுக்கும் பின்னுக்குமான எண்களை மார்க்கரால் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தார் கடைக்காரர். லோடுக்கான எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டார். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது.